பீரோ மேல் வைத்த ஒயின் கசிந்துவிட்டது. மீதி ஒரு பாட்டிலை 2027 வரை காப்பாற்ற முடியுமா?

ராயபுரத்தான் | 6 மே 2024, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் மாடி வீடு எங்களுடையது. ஒயின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தங்கச்சி வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜினியர். 2022-ல் விடுமுறைக்கு வந்தபோது பிரான்சிலிருந்து இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்தார். போர்தோ என்கிற பகுதியில் செய்தது, 2018 விளைச்சல், இரண்டும் ஒரே ரகம். "ஒன்றை இப்போது குடிப்போம், இன்னொன்றை மாமா அத்தையின் 50-ஆவது கல்யாண நாளுக்கு வைப்போம்" என்றார். அப்பா அம்மாவுக்கு 1977 பிப்ரவரியில் இராயப்பர் கோயிலில்தான் கல்யாணம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2027-ல் அதே கோயிலில் பூசை வைத்து, வீட்டுக்கு வந்து அந்த பாட்டிலைத் திறக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

முதல் பாட்டிலைக் குடிக்கவும் வேளை வரவில்லை. இரண்டையும் துணியில் சுற்றி ஸ்டீல் பீரோ மேல் படுக்க வைத்திருந்தேன். ஒயினைப் படுக்க வைக்க வேண்டும் என்று மட்டும் எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். நேற்று பீரோ கதவைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு, நாவல்பழச் சாறு வழிந்து காய்ந்த மாதிரி. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, எறும்பு வரிசை கட்டி நிற்கிறது. ஒரு பாட்டிலின் கார்க் கழுத்துக்கு வெளியே கொஞ்சம் எழும்பி, மேலே உள்ள தகட்டு உறையையும் தூக்கியிருக்கிறது. இன்னொன்று பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கிறது.

அது பிழைக்குமா? இனி எங்கே வைப்பது? ரயில் பாதையும் பக்கத்தில், கண்டெய்னர் லாரி ராத்திரி முழுக்கப் போகும், வீடே லேசாக அதிரும். அதுவும் கெடுதலா?

ஏரிக்கரை கொளத்தூர் | 6 மே 2024, இரவு 10:25

நண்பரே, முதலில் இரண்டையும் பீரோ மேலிருந்து இறக்குங்கள். கூரையை ஒட்டிய இடம்தான் வீட்டிலேயே அதிகம் சூடு. மொட்டை மாடி வெயிலை வாங்கி ராத்திரி முழுக்க இறக்குகிற இடம் அது. பரணும் அப்படித்தான். இப்போதைக்கு நல்ல பாட்டிலை உங்கள் ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் படுக்க வையுங்கள். இரண்டு மூன்று மாதம் அங்கே இருந்தால் ஒன்றும் ஆகாது. நிரந்தரமாக எங்கே வைப்பது என்று அப்புறம் பேசலாம்.

நல்ல பாட்டில் உண்மையிலேயே நல்ல பாட்டில்தானா என்று பார்க்க வேண்டும். கார்க்கின் தலை கண்ணாடி விளிம்போடு சமமாகவோ சற்று உள்ளேயோ இருக்கிறதா? உறையின் ஓரத்தில் விரலை வைத்தால் ஒட்டுகிறதா? நிமிர்த்தி வைத்தால் ஒயின் கழுத்துவரை நிற்கிறதா, தோள்பட்டைக்கு இறங்கிவிட்டதா? பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்து நிறத்தையும் பாருங்கள். இந்த நாலையும் பார்த்து எழுதுங்கள்.

ஒற்றியூர் டீச்சர் | 6 மே 2024, இரவு 11:05

திருவொற்றியூரில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். பீரோ மேல் என்ன நடந்தது என்று சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் எங்கே வைப்பது என்பது தானாகவே விளங்கும்.

750 மில்லி ஒயின் 28 டிகிரியிலிருந்து 40-க்குப் போனால் சுமார் 3 மில்லி விரியும். அரை டீஸ்பூனைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் கார்க்குக்கும் ஒயினுக்கும் நடுவே இருக்கிற காலி இடமே மொத்தம் 4 மில்லி போல. அதில் அடைபட்ட காற்றை 3 மில்லி வந்து நெருக்கினால் அழுத்தம் பல மடங்கு ஏறும். கார்க் எழும்பும், இல்லை ஓரமாகக் கசியும். ராத்திரி குளிர்ந்ததும் ஒயின் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பகலில் தள்ளி, ராத்திரியில் இழுத்து, தினமும் இப்படி ஒரு மூச்சு. அந்தக் காற்றில் வருகிற ஆக்சிஜன்தான் ஒயினுக்கு எதிரி.

இன்னொன்று, வேதிவினையின் வேகம். பொதுவாக 10 டிகிரி ஏறினால் வினை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும். 13 டிகிரியில் இருக்க வேண்டியது 33-ல் இருந்தால் நான்கு மடங்கு. "அப்படியென்றால் நாலு வருஷப் பழமை ஒரே வருஷத்தில் கிடைக்குமே" என்று மாணவர்கள் கேட்பார்கள். கிடைக்காது. ஒயினுக்குள் நடப்பது ஒரு வினை இல்லை, நூற்றுக்கணக்கில் நடக்கின்றன. சூட்டில் எல்லாம் ஒரே அளவில் வேகமாவதில்லை. மெதுவாகச் சேர வேண்டிய மணம் சேருவதற்குள் பழ வாசனை வெந்துபோகிறது. மாங்காயைப் புகை போட்டுப் பழுக்க வைப்பதற்கும் மரத்திலேயே பழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் எல்லோருக்கும் தெரியுமே.

தண்டையார்பேட்டை | 7 மே 2024, காலை 7:15

டீச்சர், வெளிநாட்டில் பூமிக்கடியில் அறை கட்டி வைக்கிறார்களே. நம் வீட்டில் பாட்டிலை நன்றாகச் சுற்றி மண்ணுக்குள் புதைத்தால் என்ன? எங்கள் வீட்டுப் பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது.

ஒற்றியூர் டீச்சர் | 7 மே 2024, மாலை 5:50

நல்ல கேள்வி தம்பி. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

மண்ணுக்குள் சில மீட்டர் இறங்கினால் வெயில், மழை, இரவு, பகல் எதுவும் தெரியாது. அந்த ஊரின் ஆண்டு முழுவதற்குமான சராசரி வெப்பம்தான் அங்கே நிற்கும். பிரான்சின் ஒயின் ஊர்களில் அந்தச் சராசரி 10 முதல் 14 டிகிரி வரை. அவர்கள் நிலவறை குளிர்ச்சியாக இருப்பது அறையின் சாமர்த்தியத்தால் அல்ல, ஊரின் தட்பவெப்பத்தால். சென்னையின் ஆண்டு சராசரி 28-ஐ ஒட்டி. நாம் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் கிடைப்பது அந்த 28-தான். சீராக இருக்கும், ஆனால் குளிராக இருக்காது. நம் பக்கம் மணல் பூமி வேறு, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும்.

மண்ணில் புதைத்து மதுவைப் பழுக்க வைப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. பாரியின் பறம்பு நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் நிலத்தில் புதைத்து முதிர்ந்த தேறல் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. ஆனால் அந்த வெதுவெதுப்பு மது நொதிக்க நல்லது. ஆண்டுக்கணக்கில் ஓய்வெடுக்க வேண்டிய ஒயினுக்கு ஆகாது.

பெரம்பூர் ஆன்ட்டி | 7 மே 2024, இரவு 8:30

மகனே ராயபுரம், உன் பீரோ கதையைப் படித்ததும் எனக்கு எங்கள் பாட்டி வீடுதான் நினைவுக்கு வந்தது. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ், தாத்தா லோகோ ஒர்க்ஷாப்பில் வேலை. நாங்கள் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். கிறிஸ்துமஸுக்கு ஒயின் இல்லாமல் கேக் வெட்டினதே கிடையாது. பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. பெரிய பீங்கான் ஜாடியில் போட்டு வெள்ளைத் துணி கட்டி, தினமும் மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்டுவார்கள். 21 நாள் கழித்து வடிகட்டி இன்னும் 21 நாள் தெளிய விடுவார்கள்.

அந்த ஜாடி இருந்த இடத்தைத்தான் சொல்ல வந்தேன். வீட்டுக்கு நடுவில், வெளிச்சுவர் எதுவும் படாத ஸ்டோர் ரூம். தரையில் ஈர மணல் பரப்பி அதன்மேல் ஜாடி, சுற்றிலும் நனைத்த கோணி. காலை மாலை கோணிக்குத் தண்ணீர் தெளிப்பது பிள்ளைகளான எங்கள் வேலை. ஒரு வருஷம் பாட்டி அவசரப்பட்டு, குமிழி அடங்குவதற்குள் பாட்டிலில் அடைத்துவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு டமார் என்று ஒரு சத்தம். ஸ்டோர் ரூம் சுவரெல்லாம் சிவப்பு. அந்தக் கறை வெள்ளையடித்த பிறகும் மங்கலாகத் தெரியும்.

ஆனால் அந்த ஒயின் ஈஸ்டர் தாண்டி இருந்ததே இல்லை, மகனே. தாண்டினால் புளித்து வினிகர் வாசம் வந்துவிடும். பாட்டிக்கு அது தெரியும். பிப்ரவரிக்குள் அக்கம்பக்கம் எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்துவிடுவார். நம் ஊர் வெயிலில் எது எத்தனை நாள் தாங்கும் என்று அவர் கணக்கு வைத்திருந்தார்.

நெறியாளர் | 7 மே 2024, இரவு 9:10

ஆன்ட்டியின் நினைவு அருமை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வீட்டில் வைத்திருக்கும் அளவுக்கும் வரம்பு உண்டு. இந்த இழை பாதுகாத்து வைப்பதைப் பற்றியதாகவே தொடரட்டும்.

ராயபுரத்தான் | 8 மே 2024, இரவு 9:00

எல்லோருக்கும் நன்றி. கொளத்தூர் அண்ணா கேட்டதைப் பார்த்துவிட்டேன். கார்க் ஒரு நூல் உள்ளே இருக்கிறது. உறை ஒட்டவில்லை. ஒயின் கழுத்துவரை நிற்கிறது. டார்ச் வெளிச்சத்தில் மாதுளம் நிறம், ஓரத்தில் லேசாகச் செங்கல் சாயல். ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன்.

வாங்கிய சின்ன தெர்மாமீட்டரை இன்று பல இடத்தில் வைத்துப் பார்த்தேன். மதியம் 3 மணிக்கு பீரோ மேல் 38. கட்டிலுக்கு அடியில் 33. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுச் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் 32. இருட்டிய பிறகும் பீரோ மேல் 35 இருக்கிறது. ஒரே அறையில் இத்தனை வித்தியாசம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

ஏரிக்கரை கொளத்தூர் | 8 மே 2024, இரவு 10:40

இந்தத் தெர்மாமீட்டர் வேலையை எல்லோருமே செய்ய வேண்டும். இடத்தை அளந்து பார்த்த பிறகுதான் பாட்டிலை வைக்க வேண்டும்.

உங்கள் பாட்டில் தப்பியிருக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இரண்டு கோடையைப் பார்த்துவிட்டது. 2018 போர்தோவில் ஆறு வயதுக்குச் செங்கல் சாயல் எட்டிப் பார்ப்பது சில ரகத்தில் இயல்பு, சிலவற்றில் சூட்டின் அடையாளம். 2027 வரை வைக்கலாமா என்பது முதலில் அது என்ன தர போர்தோ என்பதைப் பொறுத்தது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: உலகத்தில் விற்கிற ஒயினில் பெரும்பகுதி இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. வைத்தால் ஏறுவது, நல்ல துவர்ப்பும் புளிப்பும் உள்ள கொஞ்சம் ஒயின்கள்தான். டானின் என்கிற அந்தத் துவர்ப்பு, கடுக்காயைக் கடித்தால் நாக்கைப் பிடிக்குமே, அதே இனம். அதுதான் வருஷக்கணக்கில் மெல்ல இளகி, வண்டலாக அடியில் படிகிறது. துவர்ப்பே இல்லாத ஒயினைப் பத்து வருஷம் வைத்தால் கிடைப்பது பழைய ஒயின். முதிர்ந்த ஒயின் இல்லை.

நாசிக் பக்கத்து வெள்ளை ஒயின், ரோஸ் என்கிற இளஞ்சிவப்பு ஒயின் எல்லாம் வாங்கிய வருஷத்திலேயே குடிக்க வேண்டியவை. அவற்றைச் சேர்த்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். பத்துப் பாட்டில் வைத்திருந்தவன் நான், எட்டைக் கெடுத்த பிறகே கற்றுக்கொண்டேன்.

அதிர்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஏரியாவில் அந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் படித்தவரை ரயில் அதிர்வால் படிந்த வண்டல் கலங்கும். திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் நிமிர்த்தி வைத்தால் அது அடங்கிவிடும். உங்கள் முதல் எதிரி சூடு, இரண்டாவது எதிரி சூடு ஏறி இறங்குவது, மூன்றாவது வெளிச்சம். ரயில் நாலாவதோ ஐந்தாவதோதான்.

தண்டையார்பேட்டை | 9 மே 2024, காலை 8:05

அண்ணா, ஆன்லைனில் ஆறு பாட்டில் பிடிக்கிற சின்ன ஒயின் கூலர் மலிவாக வருகிறதே, அது போதுமா?

வியாசர்பாடி ஏசி | 9 மே 2024, மதியம் 2:20

இந்தக் கேள்விக்கு நான் வருகிறேன். ஃப்ரிட்ஜ், ஏசி வேலையில் 22 வருஷம்.

அந்த மலிவுக் கூலரில் கம்ப்ரஸர் இருக்காது. உள்ளே ஒரு சின்னத் தகடு, அதில் கரன்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். பெல்டியர் என்று சொல்வோம். சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, ஏசி அறைக்கு நல்லது. ஆனால் வெளிச்சூட்டைவிட 15, 16 டிகிரி குறைப்பதே அதற்குப் பெரும்பாடு. நம் வீட்டில் மே மாதம் 36 என்றால் உள்ளே 20-க்குக் கீழே வராது, நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷத்தில் ஃபேன் போய் என்னிடம் வந்த பெட்டிகள் நிறைய. நம் ஊருக்குக் கம்ப்ரஸர் வேண்டும்.

காசு குறைவாக ஒரு வழி இருக்கிறது. பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று, 180 லிட்டர் போதும். தானாக ஐஸ் உருகுகிற இரட்டைக் கதவு மாடல் வேண்டாம், அது உள்காற்றைக் காய வைத்துவிடும். கார்க்கும் காயும். ஃப்ரிட்ஜோடு வருகிற தெர்மோஸ்டாட் 13 டிகிரிக்கு ஏறாது. அதனால் வெளியே ஒரு டிஜிட்டல் கன்ட்ரோலர் மாட்டி, அதன் வழியாக ஃப்ரிட்ஜுக்குக் கரன்ட் கொடுக்க வேண்டும். 13-ல் வைத்து, வித்தியாசம் 2 கொடுங்கள். 15 தொட்டால் ஓடும், 13-ல் நிற்கும். கம்ப்ரஸர் நின்று மறுபடி ஓட 5 நிமிஷ இடைவெளியும் அதில் வைக்கலாம், மறக்காமல் வையுங்கள். இல்லாவிட்டால் கரன்ட் விட்டு விட்டு வரும்போது கம்ப்ரஸர் காலி.

முக்கியமான விஷயம் சென்சார். ஒயரின் நுனியைக் காற்றில் தொங்க விடாதீர்கள். ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதில் முக்குங்கள். கதவைத் திறந்தால் காற்று உடனே சூடாகும், ஒயின் ஆகாது. ஒயினின் சூட்டை அளக்க வேண்டும் என்றால் திரவத்தைத்தான் அளக்க வேண்டும்.

கதவு ரப்பரை முதலில் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். உப்புக் காற்றில் நம் பக்கம் ரப்பரும் அடித்தகடும் சீக்கிரம் போகும்.

ஒற்றியூர் டீச்சர் | 9 மே 2024, இரவு 8:45

அண்ணன் சொன்ன அதே ஏற்பாடு எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக ஓடுகிறது. 13 பாட்டில் வைத்திருக்கிறோம். என் அனுபவத்தில் கற்ற இரண்டு விஷயம்.

புத்தகங்களில் ஈரப்பதம் 60, 70 சதவீதம் வேண்டும் என்று எழுதுவார்கள், கார்க் காயாமல் இருப்பதற்காக. நமக்கு அதற்குக் குறைவே இல்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் கடற்காற்று உள்ளே வந்து வியர்க்கும். நம் பிரச்சினை லேபிளில் பூஞ்சை. ஒயினுக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் நினைவுக்காக வைக்கிற பாட்டிலில் லேபிள் முக்கியமல்லவா? சமையலறையில் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை லேபிள்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

இரண்டாவது, புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரன்ட் இல்லை, தண்ணீர் படி வரை வந்தது. கதவைத் திறக்கவே இல்லை, மேலே இரண்டு போர்வை போட்டோம். 13-ல் இருந்தது இரண்டு நாளில் 22 ஆனது, அதற்குமேல் ஏறவில்லை. சில நாள் 22-ல் இருப்பதால் ஒயின் கெடாது. அதற்குப் பிறகு காலி இடத்திலெல்லாம் தண்ணீர் பாட்டில் அடுக்கிவிட்டேன். உள்ளே எடை கூடினால் சூடு ஏற நேரமாகும். ஃப்ரிட்ஜையும் செங்கல் வைத்து ஒரு அடி உயர்த்தினோம். வடசென்னையில் ஒயின் வைக்கிறவர் அந்தச் செங்கலை மறக்கவே கூடாது.

பெரம்பூர் ஆன்ட்டி | 9 மே 2024, இரவு 9:30

திருகு மூடி போட்ட பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டியதில்லை என்பதையும் யாராவது சொல்லுங்கள். கார்க் நனைந்திருப்பதற்குத்தான் படுக்க வைப்பது. போர்ட் என்கிற இனிப்பு ஒயினில் சில ரகத்துக்குப் பிளாஸ்டிக் தலை வைத்த கார்க் வரும். அதை நிமிர்த்தியே வைக்கலாம்.

ஏரிக்கரை கொளத்தூர் | 9 மே 2024, இரவு 10:15

சரியாகச் சொன்னீர்கள் ஆன்ட்டி. ஃப்ரிட்ஜ் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இதையும் சேர்க்கிறேன். சூட்டைத் தாங்கும் ஒயின் ஒன்று உண்டு, மதீரா. போர்ச்சுகலைச் சேர்ந்த மதீரா தீவிலிருந்து கப்பலில் ஏற்றிய ஒயின், வெப்ப மண்டலக் கடலைத் தாண்டி வருவதற்குள் சூடேறி, கெடாமல் சுவை கூடியதாம். அதைக் கவனித்துத்தான் பிற்காலத்தில் ஊரிலேயே சூடாக்க ஆரம்பித்தார்கள். இன்றும் ஒரு முறையில் 45, 50 டிகிரியில் மூன்று மாதம் வைக்கிறார்கள். திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவாக்கிய ஒயின் அது. கம்பெனி காலத்தில் ஜார்ஜ் கோட்டையில் இருந்தவர்கள் மதீராவை விரும்பிக் குடித்ததற்குக் காரணம் இந்தத் தாங்கும் குணம்தான் என்று நினைக்கிறேன். ஃப்ரிட்ஜ் இல்லாத மெட்ராசில் வேறு எது நிற்கும்? வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லி வாங்கினால், திறந்த பிறகும் மாதக்கணக்கில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். சாதாரணச் சிவப்பு ஒயினைத் திறந்தால் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் நாலைந்து நாள்தான்.

ராயபுரத்தான் | 19 மே 2024, இரவு 10:00

கசிந்த பாட்டிலை இன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் திறந்தோம். கொளத்தூர் அண்ணா தனிச் செய்தியில் சொன்னபடி, பக்கத்தில் கடையில் வாங்கிய புது நாசிக் சிவப்பு ஒயினையும் ஒரு கிளாஸில் ஊற்றி வைத்தேன்.

கார்க்கை உருவும்போதே தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் முழுக்க அடியிலிருந்து தலைவரை கருநீலக் கோடு, ஒயின் ஏறி வந்த வழி. வெள்ளைத் தாள்மேல் கிளாஸைச் சாய்த்தால் புதியது செம்பருத்தி மாதிரி, இது டீ டிகாக்ஷன் மாதிரி. மூக்கருகே கொண்டுபோனால் வெல்லப்பாகில் வெந்த உலர்திராட்சை வாசம். வாயில் வைத்தால் முதலில் தித்திப்பு போல ஒன்று, உடனே புளிப்பு, அப்புறம் ஒன்றுமே இல்லை. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "கப்பல் மேல்தளத்தில் வெயிலில் கிடந்த சரக்கு இப்படித்தான் வாசம் வரும்" என்றார். 34 வருஷம் துறைமுகத்தில் நின்றவர். புதியதை அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா அரை கிளாஸ் குடித்தார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்த பிறகுதான் நீங்கள் எல்லோரும் சொன்னது நாக்கில் புரிந்தது. அந்த பாட்டிலை நான்தான் கெடுத்தேன். மாப்பிள்ளையிடம் போனில் சொல்லிவிட்டேன். லேபிளைப் படம் எடுத்துக் கொளத்தூர் அண்ணாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஏரிக்கரை கொளத்தூர் | 20 மே 2024, காலை 6:50

படம் பார்த்தேன். நல்ல ரகம். குளிரில் இருந்திருந்தால் 2030 தாண்டியும் நின்றிருக்கும். இரண்டு கோடை பார்த்ததால் நானாக இருந்தால் 2027-க்குமேல் ஒரு நாளும் வைக்க மாட்டேன். 2027 வரை வைக்கலாம், ஆனால் இன்றிலிருந்து அது 13 டிகிரியை விட்டு நகரக் கூடாது. அந்த நாளுக்கு இன்னொரு புது பாட்டிலும் கையில் இருக்கட்டும். எது எப்படி வந்தாலும் அம்மா அப்பா கிளாஸ் காலியாக இருக்கக் கூடாது.

வியாசர்பாடி ஏசி | 20 மே 2024, மதியம் 1:10

தம்பி, ஒரு பாட்டிலுக்காக ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டாம். பெரம்பூர் ஆன்ட்டிக்கு நேற்றுத்தான் நானே ஒன்று தயார் செய்து கொடுத்தேன். இடம் நிறைய இருக்கிறது என்றார்கள்.

பெரம்பூர் ஆன்ட்டி | 20 மே 2024, மாலை 4:00

கொண்டு வா மகனே. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, தெர்மோகோல் பெட்டியில் வைத்து எடுத்து வா. ஐஸ் மேலேயே படும்படி வைக்காதே. பேசின் பிரிட்ஜ் வழியாக வந்தால் டிராஃபிக்கில் மாட்டுவாய், ஏழு மணிக்குமேல் கிளம்பு.

ராயபுரத்தான் | 22 மே 2024, இரவு 10:20

வைத்துவிட்டு வந்தேன். அப்பாவும் கூட வந்தார். ஆன்ட்டி லேபிளுக்குப் பிளாஸ்டிக் சுற்றி, கழுத்தில் ஒரு அட்டை கட்டி "பிப்ரவரி 2027, இராயபுரம்" என்று பேனாவால் எழுதினார்கள். நடுத்தட்டில் கடைசி ஓரம். கதவைச் சாத்தும்போது கன்ட்ரோலரில் 14 காட்டியது. வீடு வந்து சேர்வதற்குள் ஆன்ட்டி படம் அனுப்பிவிட்டார்கள்: 13.